பத்து சதவீதம்

"பூஜ்யம்னு போடுங்கோ மேடம்."

"எப்படி சார் பூஜ்யம் போடுறது? செத்துப் போயிருக்காங்க."

"செத்தது வாஸ்தவம். நான் இல்லேங்கலை. ஆனா சம்பாத்தியம் இல்லையே. வெள்ளத்துல போன உயிருக்கு என்ன மதிப்புன்னா, அவா இருந்திருந்தா எவ்வளவு சம்பாதிச்சிருப்பாளோ அவ்வளவு. கூலிக்குப் போன ஆம்பளைகளுக்குப் போட்டாச்சு. பாக்கியெல்லாம் குழந்தைகள், வயசானவா, அப்புறம் இவா… 'வீட்டில் சும்மா இருந்தவர்'. சர்வேக்காரா அப்படித்தானே எழுதியிருக்கா? சும்மா இருந்தவாளுக்கு என்னத்தைப் போடறது?"

சொல்லிவிட்டுப் பராசரன் லேசாகச் சிரித்தார். எதிரே சிரிப்பு வராததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அக்னஸ் பேனாவின் மூடியைத் திருகி மூடி மேஜைமேல் வைத்தாள். "அந்தோணியார் தெருவுல இருதயமேரின்னு ஒரு பேர் இருக்கும் பாருங்க. அது எங்கம்மா."

பராசரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மூணு மாசமா எதிர் நாற்காலியில உட்கார்ந்துண்டிருக்கேள். ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா கணக்கு மாறுமா சார்?"

மாறாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அது எண்பத்தொன்பதாம் வருஷம், ஆகஸ்ட் மாதம். கண்டோன்மென்டில் தூங்குமூஞ்சி மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய பங்களாவில், வெள்ளத் தடுப்புக்கென்று தற்காலிகமாக ஓர் ஆய்வுப் பிரிவு திறந்திருந்தார்கள். பராசரன் அதில் எஞ்சினியர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில், நெற்றியில் காலையில் இட்ட ஸ்ரீசூர்ணம் கலையாமல் வந்து இறங்குவார். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது அவர் பாடு. அதனால் எவ்வளவு பயன் என்பது அக்னஸின் பாடு. அவள் பெண்கள் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் கற்பிப்பவள். ஒரு வருஷத்துக்கு இங்கே இரவல் வந்திருந்தாள்.

அவர்கள் முன்னால் இருந்த கேள்வி புதுமாதிரியான கேள்வி. உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது, கரியமிலவாயு கூடக்கூட மழையும் புயலும் இதுவரை பார்த்த அளவில் நிற்காது என்று விஞ்ஞானிகள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பத்திரிகைகளில் சினிமாச் செய்திக்குக் கீழே அதுவும் வந்துகொண்டிருந்தது. மெட்ராஸில் யாரோ ஒரு பெரிய அதிகாரி அதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் ஆற்றுக் கரைகளை இப்போதே உயர்த்துவது லாபமா, நஷ்டமா?' என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

குடமுருட்டி ஆற்றுக்கு இரண்டு திட்டங்கள். சின்னத் திட்டம், இருக்கிற கரையில் உடைந்த இடங்களை அடைத்துப் பலப்படுத்துவது. அந்தக் கரை உறையூரின் ஓரத்தோடு நின்றுவிடும். அது நிற்கிற இடத்துக்கு அப்பால், ஆறும் சாலையும் சந்திக்கிற பள்ளத்தில்தான் அந்தோணியார் தெரு. பெரிய திட்டம், கரையை அந்தத் தெருவைச் சுற்றியும் நீட்டி, இனி வரப்போகிற மழைக்கென்று ஐந்தடி உயர்த்திக் கட்டுவது. எழுபத்தேழு வெள்ளத்தில் என்ன நஷ்டமோ அதுதான் அளவுகோல். அந்த நஷ்டத்தைத் தடுத்தால் அது பயன். பயனைச் செலவால் வகுத்தால் விடை ஒன்றுக்கு மேல் வரவேண்டும். சின்னத் திட்டத்துக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. பெரிய திட்டத்துக்கு வந்தது புள்ளி ஐந்து எட்டு.

அக்னஸின் அப்பா சவரிராயன் இன்னமும் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தார்.

*

வெள்ளம் வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. எம்.ஏ. படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். பஸ் ஓட ஆரம்பித்து அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அம்மாவை அடக்கம் செய்துவிட்டார்கள். தெரு முழுக்க முழங்காலளவு வண்டல். சுவர்களில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கோடு.

அப்புறம் ஒருநாள் சர்வேக்காரர் குடையோடு வந்தார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ள, அதைப் பிடுங்குவதும் கேள்வி கேட்பதுமாக நின்றார்.

"இறந்துபோனவங்க என்ன தொழில்?"

அப்பா கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்கிறவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர், தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் முதலில் கூப்பிடப்படுகிறவர். வெள்ளை ஜிப்பாவில் சேறு காய்ந்திருக்க, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"தொழில் என்னங்க தொழில். வீட்டுல சும்மாதான் இருந்தா."

அக்னஸ் பக்கத்தில்தான் நின்றாள். அம்மா சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. விடிந்தால் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, புகையிலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்து, பசை தடவிச் சுருட்டுச் சுற்றுகிற அம்மாவைத்தான் பார்த்திருக்கிறாள். உறையூர்ச் சுருட்டுக் கம்பெனிக்காரர் கொல்லைப்பக்கமாக வந்து இலையைக் கொடுத்துவிட்டு, கொல்லைப்பக்கமாகவே வந்து சுருட்டை வாங்கிப் போவார். வாசல் வழியாக வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. உபதேசியார் வீட்டில் சுருட்டா? அக்னஸின் விடுதிக் கட்டணம் அந்தக் கொல்லைப்பக்கமாக வந்ததுதான். அதுவும் தெருவுக்கே தெரியும். ஆனாலும் வாய்விட்டுச் சொல்கிற விஷயம் அல்ல.

உபதேசியாரே அப்படிச் சொன்ன பிறகு மற்ற வீடுகளில் வேறெப்படிச் சொல்வார்கள்? வீட்டுக்கு வீடு அதே பதில். எங்க வீட்டுலயும் சும்மாதாங்க இருந்தா. எங்கம்மாவும் சும்மாதாங்க. பெண்டாட்டி சம்பாதித்துச் சாப்பிட்டோம் என்று, பிணம் எடுத்த வீட்டில் நின்றுகொண்டு எந்த ஆம்பிளை சொல்லுவான்? சர்வேக்காரரும் எழுதிக்கொண்டே போனார். தெருவோடு பூஜ்யமாயிற்று.

*

"இன்னொரு சர்வே எடுக்கப்போறேன்" என்றாள் அக்னஸ், அன்று ராத்திரிச் சாப்பாட்டில்.

அவள் புருஷன் அமிர்தராஜ் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் கொதிகலன் பிரிவில் ஃபோர்மன். அங்கேயே குடியிருப்பில் வீடு. ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னான்: "எடு. உலகத்தைச் சூடாக்குற பாய்லரை நான் செய்யறேன். அதுக்கு நீ கரை கட்டுறே. ஒரே வீட்டுக்கு ரெண்டு சம்பளம். கர்த்தர் கணக்குல கெட்டிக்காரர்தான்."

"கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல அக்னசு. உங்கப்பா சொல்லுவாருன்னு நினைக்கிறியா? செத்தாலும் சொல்ல மாட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் அந்தோணியார் தெருவுக்குப் போனாள். வெயில் காய்ந்தது. ஆற்றில் ஒரு வாய் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் மணலில் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆறா ஆளை அடித்துக்கொண்டு போயிற்று என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

பக்கத்து வீட்டு வீரம்மாள் கதவருகில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கூட்டாளி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டதால் கொல்லைப்பக்கம் ஒளிகிற அவசியம் இல்லாதவள்.

"அக்கா, எழுபத்தேழுல நீங்களும் எங்கம்மாவும் வாரத்துக்கு எவ்வளவு சம்பாதிச்சீங்க?"

வீரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருடி கேக்குறா? கவர்மெண்டா?"

"ஆமாக்கா. அப்ப எல்லாரும் சும்மா இருந்தாங்கன்னு எழுதிட்டாங்க."

"சும்மாவா!" வீரம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். உள்ளங்கை, நகக்கண் எல்லாம் புகையிலைக் கறை ஏறிக் கறுத்துக் கிடந்தது. "சும்மா இருந்த கையைப் பாருடி. சும்மா இருக்க எங்களுக்கு எங்கடி நேரம் இருந்துச்சு? எழுதிக்க. எல்லாத்தையும் எழுதிக்க. எனக்கு யாருகிட்ட பயம்?"

அவள் சொல்லச் சொல்ல அக்னஸ் எழுதிக்கொண்டாள். அதற்குமேல் தெரு நகரவில்லை. ஒரு வீட்டில், "அதெல்லாம் பொழுதுபோகாம செஞ்சதும்மா" என்றார்கள். ஒரு வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஜன்னலைச் சாத்தினார்கள். ஒரு கிழவர், "உங்கப்பாரு என்ன சொன்னாரோ அதேதான் நாங்களும்" என்று முடித்துக்கொண்டார்.

அப்பா வீட்டுக்குள் ஞானோபதேசப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாத் தெருவே சொல்லும்."

"என்னன்னு சொல்லணும்? உபதேசியார் பொண்டாட்டி சுருட்டுக்காரின்னா?"

"கரை வரணும்ப்பா. அதுக்குத்தான்."

"கரை வர்றதுக்கும் உங்கம்மா மானத்துக்கும் என்ன சம்பந்தம்?" பசை அட்டையில் கோணலாக வழிந்தது. "அவ எப்படிச் செத்தான்னு உனக்குத் தெரியும். பாடுபட்ட சுரூபத்தை எடுக்கத் திரும்பி உள்ள போனா. போனவ வரலை. சாமியார் பிரசங்கத்துல சொன்னாரு. இந்தப் பங்குல எல்லாரும் அவளை அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்காங்க. அதுல கொண்டுபோய்ப் புகையிலையைத் தேய்க்கப் போறியா?"

சுவரில் அந்தச் சிலுவைச் சுரூபம் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளம் வடிந்தபிறகு சேற்றிலிருந்து எடுத்துக் கழுவி மாட்டியது.

*

வீரம்மாள் சொன்ன கணக்கை வைத்துக்கொண்டு, செத்துப்போன பெண்கள் அத்தனை பேருக்கும் அதே வருமானத்தை அக்னஸ் போட்டாள். ஒருத்தி வாக்குமூலத்தில் ஒரு தெருவை எழுதுவதா என்று பராசரன் கேட்கவில்லை. கேட்கவேண்டியவர், கேட்காமல் கால்குலேட்டரைத் தட்டினார். இரண்டு தரம் தட்டினார்.

"புள்ளி ஆறு மூணு" என்றார்.

"அவ்வளவுதானா?"

"யானைப் பசிக்குச் சோளப்பொரி."

அக்னஸ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் கரை வந்துவிடும் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால், தெருவே வாசலில் வந்து நின்று உண்மையைக் கூவியிருந்தாலும் வந்திருக்காது.

"எங்கே சார் போகுது எல்லாம்?"

"பத்து சதவீதத்துல போறது. உங்களுக்குத் தெரியாததா? நீங்க காலேஜ்ல நடத்தற பாடம்தானே. இன்னிக்குச் செலவு பண்ற ரூபா முழு ரூபா. நாளைக்கு வரப்போற பயனை வருஷத்துக்குப் பத்து சதவீதம் கழிச்சுண்டே வரணும். நூறு வருஷம் கழிச்சு ஒரு கோடி ரூபா நஷ்டத்தை இந்தக் கரை தடுக்கறதுன்னு வச்சுக்கோங்கோ. இன்னித் தேதிக்கு அதோட மதிப்பு எழுநூத்திச் சொச்சம். ஒரு சைக்கிள்கூடத் தேறாது."

பாடம் நடத்தும்போது கரும்பலகையில் அது அழகான சூத்திரமாகத்தான் இருந்தது. இப்போது அக்னஸுக்கு, நூறு வருஷம் கழித்து வரப்போகிற யாரோ ஒருத்தி இந்த அறையின் கதவருகில் வந்து நிற்பதுபோல் தோன்றியது. பேர் தெரியாது, முகம் தெரியாது. புடவைக் கொசுவத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மனு கொடுக்க வந்தவர்கள், கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதைப்போல் நிற்கிறாள். இவர்களோ தலைநிமிராமல் சைக்கிள் விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"சார், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்கோ."

"தினம் காலையில சங்கல்பம் சொல்றீங்க இல்ல? பிரம்மாவுக்கு இத்தனாவது வயசு, இந்தக் கல்பம், இந்த மன்வந்தரம், கலியுகத்துல முதல் பாதம்னு. எத்தனை கோடி வருஷத்தை எண்ணி அப்புறம் இன்னைக்கு என்ன தேதின்னு வர்றீங்க. பத்து மணிக்கு ஆபீஸ் வந்து உட்கார்ந்தா, முப்பது வருஷத்துக்கு அப்புறம் உலகமே இல்லைங்கிறீங்க. இது எப்படி சார்?"

பராசரன் வாய்விட்டுச் சிரித்தார். "பெண்பிள்ளை வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க சொல்றது சரி. அதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, கேளுங்கோ. கரைக்குப் போடற பணத்தை இன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போட்டா, இன்னிக்கு இருக்கற குழந்தை பிழைக்கும். நூறு வருஷம் கழிச்சு வரப்போறவா நம்மைவிட வசதியா இருப்பா. வசதியானவாளுக்காக ஏழை பட்டினி கிடக்கணுமா? இதுவும் நியாயம்தானே?"

"அந்தோணியார் தெருவுல வரப்போறவங்க வசதியா இருப்பாங்கன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. சராசரி."

"சராசரி வசதியா இருக்கும். தெரு பள்ளத்துல இருக்கும்."

பராசரன் கால்குலேட்டரை எடுத்து, பத்துக்குப் பதில் மூன்று போட்டு, மொத்தக் கணக்கையும் முதலிலிருந்து தட்டிக்கொண்டு வந்தார். அரைமணி நேரம் ஆயிற்று.

"மூணு சதவீதம்னா ஒண்ணு புள்ளி நாலு வர்றது" என்றார். குரலில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம். "கரை வந்துடும் மேடம். அஞ்சடி ஒசரத்தோட வந்துடும். நான் மெட்ராஸுக்கு எழுதறேன்."

எழுதினார். நான்கு பக்கம், அவரே தட்டச்சு செய்து. வரப்போகிற சந்ததியை மற்றச் செலவுகளோடு சேர்த்துத் தள்ளுபடி செய்வது தகுமா என்று கேட்டு, எஞ்சினியர்கள் எழுதாத நடையில் எழுதியிருந்தார். பதிலுக்குக் காத்திருந்த ஐந்து வாரமும் அக்னஸ் வானத்தைப் பார்த்தபடியே பஸ்ஸில் போய்வந்தாள். தெருவில் செய்தி எப்படியோ பரவிவிட்டது. 'நம்ம உபதேசியார் மக கரை வாங்கிட்டு வருது' என்று பேசிக்கொண்டார்கள். வீரம்மாள் ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை நடந்துவந்து, "கரை எங்க வீட்டுக்கு எந்தப் பக்கமாடி வரும்? ஆட்டுக்கொட்டாயைப் பிரிச்சுக்கட்டணும்" என்று கேட்டாள். அக்னஸ் கிழக்கே கையைக் காட்டினாள். காட்டியபிறகுதான் ஏன் காட்டினோம் என்று இருந்தது.

அக்டோபர் நடுவில் டிரங்க் கால் வந்தது. பராசரன்தான் எடுத்தார். 'சரி சார்', 'ஆமா சார்', 'புரியறது சார்' என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வைத்தபிறகும் கையை ஃபோன் மேலேயே வைத்திருந்தார்.

"ஒருத்தருக்கு மூணுன்னு குடுத்தா, நாளைக்கு எல்லா இலாகாவும் மூணு கேட்கும். பத்துன்னா எல்லாருக்கும் பத்து. பெரிய திட்டம் பொருளாதார ரீதியா ஏற்கத்தக்கதில்லைன்னு எழுதி, பத்து வருஷம் கழிச்சு மறுபரிசீலனை பண்ணலாம்னு முடிச்சுடச் சொல்றார். நாளைக்குள்ள ரிப்போர்ட் போகணும்."

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"ரிப்போர்ட் முழுசும் நிக்கும். சின்னத் திட்டமும் இந்த வருஷ நிதியில விட்டுப்போயிடும். உறையூர்ப் பக்கம் கரை உடைஞ்ச இடம் அப்படியே கிடக்கும். அங்கேயும் ஜனங்க இருக்கா."

இருக்கிறார்கள். அதிகம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது சும்மா இருந்துகொண்டிருப்பார்கள். அக்னஸ் பேனாவின் மூடியைத் திருகினாள். பயன் மதிப்பீடு என்ற தலைப்புக்குக் கீழே, கடைசிப் பக்கத்தில், தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சவரிராயன் என்பது அதில் முதலெழுத்தாக மட்டும் நின்றது.

மறுநாள் பராசரன் லேட்டாக வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "இன்னிக்கு சங்கல்பம் சொல்றச்சே கலியுகம்கிற இடத்துல நாக்கு நின்னுடுத்து. மேல போக மாட்டேன்னது. ஆத்துல எல்லாரும் என்னமோ ஏதோன்னு பயந்துட்டா."

*

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் ஊரே கூடியிருந்தது. களை பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்த கல்லறைகளின் மேல் சாமந்தியும் மெழுகுவர்த்தியும். பிள்ளைகள் உருகின மெழுகை உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வங்காள விரிகுடாவில் தாழ்வு நிலை என்று மத்தியானம் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். காற்று அடங்கியிருந்தது. கிழக்கே வானம் ஈயம்போல இறங்கியிருந்தது.

அக்னஸ் போனபோது அப்பா அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜெபம் சொல்லி முடித்து, மற்றவர்கள் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தபின்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு மெழுகுவர்த்தி அணைந்துபோயிருந்தது. அதை அவள் இன்னொன்றின் சுடரில் பற்றவைத்தாள். ரிப்போர்ட் போய்விட்டதை அவள் தெருவில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். மழை முடிகிறவரையாவது கைலாசபுரத்துக்கு வந்து இருங்கள் என்று கூப்பிடவும் வேண்டும்.

"அப்பா…"

"இரு. நான் சொல்லிடறேன்." அவர் அவளைப் பார்க்கவில்லை, சுடரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கு நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். உன்கிட்டயும் சொல்லணும்."

"என்னப்பா?"

"அவ சுரூபத்துக்காகத் திரும்பிப் போகலை. சுரூபம் சுவத்துல ஒசரத்துல இருந்துச்சு, அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் அவ நினைச்சா. இலைக்கட்டுக்காகப் போனா. கம்பெனிக்காரன் முந்தின நாள்தான் புது இலை போட்டுட்டுப் போயிருந்தான். நனைஞ்சா நம்மதான் குடுக்கணும், காலேஜுல பாப்பாவுக்குப் பரீட்சைப் பணம் கட்டணும்னு சொல்லிட்டுப் போனா. நான் கையைப் பிடிச்சேன். உதறிட்டுப் போனா." அவர் குரல் எங்கேயும் உடையவில்லை. பூசையில் வாசகம் வாசிப்பதுபோல ஒரே சீராக வந்தது. "நான்தான் சாமியார்கிட்ட மாத்திச் சொன்னேன். சுருட்டுக்காகச் செத்தான்னு சொல்ல வாய் வரலை."

அக்னஸ் கல்லறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, கையில் ஒட்டியது.

"இப்ப சொல்றேன், எழுதிக்கோ. கல்யாணமான மறுவருஷத்துலேர்ந்து சுத்தினா. தெருவுல அவளை மாதிரி யாரும் சுத்த முடியாது, அவ சுத்தினது ஒரு தரம் அவிழ்ந்ததில்லை. வீரம்மாளுக்கு அவதான் கத்துக்குடுத்தா. நேத்து நான் வீடு வீடாப் போனேன். எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே யாரும் மறைக்க வேணாம்னு. எல்லாரும் சொல்றேன்னுட்டாங்க. அந்த ஜன்னலைச் சாத்தினவன்கூட. நீ எப்ப வேணாலும் வந்து எழுதிக்கலாம்."

பக்கத்துக் கல்லறையில் யாரோ பாட்டெடுத்தார்கள். தூரத்தில், ஆற்றுப் பக்கம், ஒருதரம் மின்னிற்று. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். பத்து சதவீதம் என்பதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? வீரம்மாள் வாயால் எல்லாப் பெண்களையும் எழுதியாயிற்று என்றா, எழுதியும் சோளப்பொரிதான் என்றா, கடைசிப் பக்கத்தில் இருப்பது தன் கையெழுத்து என்றா?

முதல் துளி மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்பா இரண்டு கையையும் குவித்துச் சுடரை மறைத்துக்கொண்டார். விரல்களுக்கு நடுவே வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. முதல்தடவையாக முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லாததுனாலதானேம்மா இன்னும் வராம நிக்குது? இப்பதான் சொல்லியாச்சே. நீ பெரிய இடத்துல இருக்கே, உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். அந்தக் கரையைப் போடச்சொல்லி, நீயே அவங்ககிட்ட ஒரு தரம் கேட்டுப் பாரேன்மா."